பழைய காரின் பின்விளக்குகள் ஏன் கோணலாக நிற்கின்றன?

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்து முடிக்கும் நேரத்தில் அடிக்கடி எழும் குழப்பம் இது. டிங்கரிங் முடிந்தது, பெயின்ட் முடிந்தது, புது ரப்பர் வைத்துப் பின்விளக்குகளையும் மாட்டியாயிற்று. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இடது விளக்கு ஒரு மட்டத்தில் நிற்கிறது, வலது விளக்கு இன்னொரு மட்டத்தில். விளக்கைக் கழற்றி, துளையை அரத்தால் ராவி, இரண்டையும் சமப்படுத்திவிடலாம் என்றுதான் உடனே தோன்றும். பெரும்பாலான வண்டிகளில் அது தப்பான முடிவு. கோணல் அனேகமாக விளக்கில் இருப்பதில்லை. விளக்கு உட்கார்ந்திருக்கும் மட்கார்டில் இருக்கும், அதற்கும் அடியில் ஸ்பிரிங்கில் இருக்கும், சில சமயம் வண்டி நிற்கும் தரையிலேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் துளை போட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாத ஒரு காயம்தான் மிஞ்சும்.

இதை விளக்க மோரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரை எடுத்துக்கொள்வோம். சொல்லப்போகும் முறை மட்கார்டு தனியாக போல்ட்டில் நிற்கும் எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

மைனரின் உடல் எப்படிப்பட்டது

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை சுமார் 16 லட்சம் வண்டிகள் தயாராயின. இலங்கையின் சாலைகளில் இன்றும் ஓடுகிற கார் இது. பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்பவர்களுக்காக இலங்கையிலேயே உடல் பாகங்கள் செய்து அனுப்பும் தொழில்கூட 1990களில் நடந்தது.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, தூண்கள், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடுதான் வண்டியின் பலம். நான்கு மட்கார்டுகளும் அந்தக் கூட்டின்மேல் வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. மட்கார்டுக்கும் கூட்டுக்கும் நடுவே பீடிங் என்கிற நீளமான பட்டை ஒன்று நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். பின்விளக்கு இருப்பது பின்மட்கார்டின்மேல். ஆக, விளக்குக்கும் கூட்டுக்கும் இடையே ரப்பர், மட்கார்டு, பீடிங் என்று மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு அடுக்கிலும் ஓரிரு மில்லிமீட்டர் நகர இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மைனரின் மாதிரி வண்டி ஒல்லியாக இருக்கிறது என்று இஸிகோனிஸுக்குத் தோன்றியதால், அதை நட்டநடுவே நீளவாக்கில் அறுத்து, பாதிகளை நகர்த்திப் பார்த்து, கடைசியில் 4 அங்குலம் அகலப்படுத்தினார்கள். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம்தான். அந்தக் காலத்தில் உடல் வேலை இப்படிக் கண்ணாலும் கையாலும் நடந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றே இடதும் வலதும் துல்லியமாக ஒத்திருந்தன என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

‘நேர்’ என்பதற்கு மூன்று பொருள்

பின்விளக்கை நேராக்குவது என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் வேலை பிடிபடும்.

1. இருப்பிடம். இரண்டு விளக்குகளும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்திலும் ஒரே உயரத்திலும் இருப்பது.

2. முகம். விளக்கு நேர்ப் பின்னால் பார்ப்பது. மேலே வானத்தையோ கீழே தார்ச்சாலையையோ பார்க்கக் கூடாது.

3. ஒளி. பல்பின் இழை அதற்குரிய இடத்தில் இருந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வருவது.

முதலாவது பகலில் தெரியும், அதனால் எல்லோரும் அதையே கவனிக்கிறார்கள். பின்னால் வருகிறவரின் உயிரைக் காப்பது மூன்றாவது.

பின்னால் வருபவர் என்ன பார்க்கிறார்

இருட்டில் பின்னால் வரும் ஓட்டுநருக்கு உங்கள் காரின் வடிவம் தெரியாது. இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரியும். அவற்றுக்கு இடையிலான அகலம் விரிகிற வேகத்தை வைத்துத்தான், தான் நெருங்குகிறோம் என்பதை அவர் உணர்கிறார். விளக்குகள் 1.2 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தூரத்தில் அந்த இடைவெளி கண்ணில் சுமார் 0.7 டிகிரி கோணமாக விழும்; 50 மீட்டரில் அது இரட்டிப்பாகும். ஒரு விளக்கு மங்கிக் கண்ணிலிருந்து நழுவிவிட்டால் இந்தக் கணக்கே போய்விடும். கார் மோட்டார் சைக்கிளாகத் தெரியும். பின்னால் வருபவர் உங்களுக்குப் பக்கத்தில் இடம் இருப்பதாக நினைத்து முந்த வருவார்.

உயரத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், அதே 1.2 மீட்டர் இடைவெளியில் அது வெறும் அரை டிகிரிச் சாய்வுதான். இரவில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பகலில் ஏன் உறுத்துகிறது என்றால், விளக்குக்குக் கீழே பம்பர் என்ற நீண்ட நேர்கோடு இருக்கிறது. கண் அதோடு ஒப்பிடுகிறது. பம்பரே சாய்ந்திருந்தால் சரியாக நிற்கும் விளக்கும் தப்பாகத் தெரியும். இதனாலேயே அளக்கத் தொடங்கும் முன் பம்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

கோணல் எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் ஸ்பிரிங். மைனரின் பின்பக்கம் இலை ஸ்பிரிங்கில் நிற்கிறது. அரை நூற்றாண்டாக ஓட்டுநர் ஒரே பக்கம் உட்கார்ந்து வந்த வண்டியில் அந்தப் பக்க ஸ்பிரிங் கொஞ்சம் படுத்திருப்பது இயல்பு. அப்போது முழு உடலும் சாயும். தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தால் ஒரு விளக்கு தாழ்ந்திருப்பதாகக் காட்டும், ஆனால் உடலைப் பொறுத்தவரை இரண்டும் சமமாகவே இருக்கும். ஸ்பிரிங்குக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை விளக்குக்குச் செய்கிற தவறு இங்கேதான் நடக்கிறது.

இரண்டாவது மட்கார்டு. போல்ட் துளைகள் போல்ட்டைவிடப் பெரியவை. துரு அவற்றை இன்னும் அகலமாக்கும். புது பீடிங் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் மட்கார்டு வெளியே தள்ளி நிற்கும், மேல் போல்ட்டை முதலில் முடுக்கினால் ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். பிற்காலத்தில் செய்த மாற்று மட்கார்டாக இருந்தால் விளக்குத் துளை பழைய இடத்திலேயே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவது பழைய அடி. எப்போதோ பின்னால் இடிபட்டு, தட்டி நிமிர்த்தி, மேலே பட்டி பூசிய மட்கார்டில் விளக்கு உட்காரும் பரப்பே திரும்பியிருக்கும். பெயின்ட் பளபளப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி விளக்கைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிப்பை விடும்.

நான்காவது விளக்கின் அடிக்கட்டையும் ரப்பரும். இவை பல மாடல்களில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வேறுபடும். மாற்றி மாட்டினாலும் எப்படியோ உட்கார்ந்துவிடும், முகம் மட்டும் திரும்பிக்கொள்ளும்.

கொத்தனாரின் கருவிகள் போதும்

இந்த அளவுக்கு லேசர் தேவையில்லை. ரசமட்டம், தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பிய டியூப், சாக்பீஸ், நூல், இரும்பு டேப் இருந்தால் வேலை நடக்கும். அதோடு ஒரு ஆதாரக்கோடு வேண்டும். கூட்டிலேயே நிலையாக இருக்கும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டைத்தான் ஆதாரக்கோடு என்கிறோம். மைனரில் பின் இலை ஸ்பிரிங்குகள் உடலோடு சேரும் இடங்கள் இதற்கு வசதி. அவை கூட்டின் பலமான பகுதியில் இருக்கின்றன. மட்கார்டு எங்கே நகர்ந்தாலும் அவை நகராது. அந்த இடங்களே துருப்பிடித்து ஒட்டுப்போட்டவையாக இருந்தால் பூட் (டிக்கி) திறப்பின் இரு கீழ் மூலைகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. டயர்களில் ஒரே அளவு காற்று அடித்து, வண்டியைக் காலி செய்து, சமமான தரையில் நிறுத்துங்கள்.

2. டியூபின் இரு முனைகளை இரண்டு ஆதாரப் புள்ளிகளிலும் பிடியுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை ஜாக்கியால் மெல்லத் தூக்கி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். இப்போது ஸ்பிரிங்கின் சாய்வு கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. இதற்கு மேல் ரசமட்டம் சொல்வதை நம்பலாம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைத்தாக வேண்டும்.

3. இரண்டு ஆதாரப் புள்ளிகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன்பக்கமும் அதேபோல் உடலோடு சேர்ந்த ஒரு ஜோடிப் புள்ளிகளை இறக்குங்கள். இரண்டு ஜோடிகளின் நடுப்புள்ளிகளையும் நூலால் இணைத்தால் அதுவே வண்டியின் நடுக்கோடு.

4. ஒவ்வொரு விளக்கின் நடுவிலிருந்தும் குண்டு விட்டு, நடுக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். பிறகு டியூபை வைத்து இரு விளக்குகளின் உயரத்தையும் ஒப்பிடுங்கள்.

5. மட்கார்டின் சக்கர வளைவு விளிம்பையும் இரண்டு பக்கமும் இதே முறையில் அளந்து குறியுங்கள்.

ஐந்தாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நோயைக் காட்டுவது அதுதான். விளக்கு 6 மில்லிமீட்டர் தாழ்ந்து, அதே பக்கச் சக்கர வளைவும் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், நகர்ந்தது மட்கார்டு. வளைவுகள் சமமாக இருந்து விளக்கு மட்டும் தாழ்ந்திருந்தால், துளையிலோ பட்டி பூசிய பரப்பிலோ கோளாறு. இரண்டும் சமமாக இருந்து வண்டி மட்டும் சாய்ந்து தெரிந்தால், ஸ்பிரிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

சரிசெய்யும் வரிசை

3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வித்தியாசத்தைத் தொடாமல் விடுவது உத்தமம். அதைத் துரத்தினால் வேறெங்காவது இடைவெளி கெடும். அதற்கு மேல் என்றால் மட்கார்டின் எல்லா போல்ட்டுகளையும் தளர்த்துங்கள், எதையும் கழற்ற வேண்டாம். மட்கார்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, நடு போல்ட்டை விரலிறுக்கத்துக்குப் பிடித்து, அங்கிருந்து இரு பக்கமும் மாறி மாறி முடுக்கி வர வேண்டும். பீடிங் சுருக்கமில்லாமல் உட்காருகிறதா என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் பார்க்க வேண்டும். வெயிலில் சிறிது நேரம் கிடந்த பீடிங் நன்றாக வளைந்து கொடுக்கும்.

மட்கார்டு சரியான பிறகும் விளக்கின் முகம் திரும்பியிருந்தால் ரப்பருக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஆப்பு வைத்துத் திருத்தலாம். எவ்வளவு திருத்துவது? வாகனங்களில் விளக்கு பொருத்துவதற்கான ஐக்கிய நாடுகள் ஒழுங்குமுறை எண் 48, விளக்கின் அச்சு 3 டிகிரி வரை விலகலாம் என்கிறது. 100 மில்லிமீட்டர் நீள அடிக்கட்டையில் 3 டிகிரி என்பது ஒரு முனைக்கும் மறு முனைக்கும் சுமார் 5 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். அதே விதி, பின்விளக்கு தரையிலிருந்து 350 மில்லிமீட்டருக்குக் கீழேயும் 1500 மில்லிமீட்டருக்கு மேலேயும் போகக் கூடாது, வண்டியின் வெளி விளிம்பிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மைனர் பிறந்தபோது இந்த விதி கிடையாது. ஆனாலும் நல்ல அளவுகோல்.

புதுத் துளை என்பது கடைசி வழி. மாற்று மட்கார்டில் துளை இடம் மாறியிருந்தால் மட்டும், பழைய துளையைப் பற்றவைத்து மூடிவிட்டுப் புதிதாகப் போடலாம். நீளத்துளையாக இழுத்து வாஷர் வைத்துச் சமாளித்தால் அந்த விளிம்பில்தான் அடுத்த மழைக்குத் துரு தொடங்கும்.

ஒளியின் நேர்: இழை, கண்ணாடி, எர்த்

பின்விளக்குக்கு ஹெட்லைட்டைப் போல ஒரு குறியைப் பார்த்துப் பாயும் கற்றை இல்லை. பின்னால் பரந்த கோணத்தில் எல்லோருக்கும் தெரிவதே அதன் வேலை. ஆனாலும் அதற்குள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. கண்ணாடி என்று நாம் சொல்லும் சிவப்பு மூடியின் உட்புறத்தில் சிறு சிறு வரிகள் இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விரிப்பவை அவை. மூடியைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திருப்பி மாட்டினால் விரிய வேண்டிய வெளிச்சம் மேலும் கீழும் வீணாகும். தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அது கீழே வர வேண்டும். மேலே வந்தால் விளக்கே கிண்ணமாகிவிடும். ஒரு மூடி புதிதாகவும் மற்றது பல வருட வெயிலில் வெளுத்ததாகவும் இருந்தால், இரண்டு பல்பும் ஒன்றாக இருந்தாலும் ஒளி ஒத்துப்போகாது. மூடியை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பில் இருக்கும் வண்டிகளில் அந்தப் பல்புக்கு இரண்டு இழைகள் உண்டு: 5 வாட் அளவில் ஒன்று, 21 வாட்டில் ஒன்று. அடிப்பகுதியின் இரு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தவறாக மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தேய்ந்துபோன ஹோல்டரில் பலம் கொடுத்துத் திருப்பினால் தப்பான பக்கமும் நுழைந்துவிடும். அப்போது பின்விளக்கைப் போட்டால் அந்தப் பக்கம் பளிச்சென்று எரியும், பிரேக் மட்டும் மிதித்தால் மங்கலாகவே எரியும்.

இனி எர்த். புதுப்பித்த வண்டிகளில் மிக அதிகமாகத் தொல்லை தருவது இதுதான். பல்பிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் பாதை விளக்கின் உலோக அடி, திருகு, மட்கார்டு, கூடு என்று செல்கிறது. புது ரப்பர், புது பெயின்ட், புது பீடிங் எல்லாம் மின்சாரத்துக்குச் சுவர்கள். வண்டி அழகான அன்றே எர்த் கெட்டுப்போகும். அரைகுறை எர்த்தில் பல்பு அணையாது, மங்கும். இழை பல்பில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்பதால், சிறு தடை போதும், ஒரு பக்கம் பலவீனமாகத் தெரிய.

எர்த் முழுவதும் விட்டுப்போனால் இன்னும் விசித்திரம் நடக்கும். பிரேக் மிதித்ததும் 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பும் வழி இல்லாததால், அது 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அடுத்த பக்க விளக்கின் எர்த்தைத் தேடிப் பிடிக்கும். பிரேக்கை மிதித்தால் வேறெங்கோ மங்கலாக எரிகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். தீர்வு எளிது: ஒவ்வொரு விளக்கின் உலோக அடியிலிருந்தும் ஒரு தனி வயரைக் கூட்டின் சுரண்டிய இடத்துக்கு இழுத்து முடுக்கிவிடுங்கள். வெளியே தெரியாது, வண்டியின் தோற்றமும் மாறாது.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. 1961 வரை இந்த வண்டியில் திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை எழும்பும். 1961இல் ஒளிரும் சிக்னல் வந்தபோது பின்னால் அதற்குத் தனி விளக்கு வைக்கவில்லை. பிரேக் விளக்கின் சிவப்பு இழையே சிமிட்டியது. 1963இல்தான் பெரிய விளக்கும் ஆரஞ்சு நிற மூடியும் வந்தன. ஆகவே 1962 வண்டி ஒன்றில் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு சிமிட்டுகிறது என்றால் அது வயரிங் கோளாறு கிடையாது.

எல்.இ.டி. போடலாமா

போடலாம், மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால். அந்தக் காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றைப் போல மைனரிலும் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருந்தது. இழை பல்புக்கு இதில் கவலையில்லை, எல்.இ.டி. திசை பார்க்கும், அதற்கேற்றதை வாங்க வேண்டும். சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் மூடி அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும், சிவப்பையே வைக்க வேண்டும். சிக்னலைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் இயங்குவது. எல்.இ.டி. அவ்வளவு இழுக்காததால் சிக்னல் சிமிட்டாது. ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும்.

சட்டம் எங்கே வருகிறது

இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, அசல் வடிவில் பேணப்படும் வண்டிகள் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. பிரித்தானியாவில் 2018 மே முதல், 40 ஆண்டு கடந்து பெரிய மாற்றம் காணாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சோதனைக்கு விலக்கு இருந்தாலும், வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற கடமை உரிமையாளரிடமே நிற்கிறது. பீடிங் மாற்றுவது, எர்த் வயர் இழுப்பது, ரப்பர் ஆப்பு வைப்பது எல்லாம் பராமரிப்பு. வேறு மாடலின் பெரிய விளக்கைப் பொருத்த மட்கார்டை வெட்டுவது அப்படிப்பட்டது அல்ல. அசல் என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கிறவர்கள் அந்த வெட்டைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசிச் சோதனை

பம்பரைத் திரும்ப மாட்டி, விளக்குகளின் கோட்டுக்கு இணையாக அதைச் சரிசெய்யுங்கள். இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பின்விளக்கு, பிரேக், இடது சிக்னல், வலது சிக்னல் என்று வரிசையாகப் போடட்டும். இன்னொருவர் முப்பது நாற்பது அடி பின்னால், ஒருமுறை நின்றும் ஒருமுறை குனிந்தும், பிறகு இரு பக்கமும் நகர்ந்தும் பார்க்கட்டும். எங்கிருந்து பார்த்தாலும் இரண்டும் ஒரே பலத்தில் தெரிய வேண்டும். பிரேக்கும் சிக்னலும் பின்விளக்கும் சேர்ந்து எரியும்போது ஏதாவது மங்கினால் எர்த்துக்குத் திரும்பிப் போங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பீடிங் அமுங்கியிருக்கும். மட்கார்டு போல்ட்டுகளை அதே வரிசையில் இன்னொரு முறை முடுக்கி, குறித்து வைத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.